அத்தியாயம் 7: அடுத்தவர் பாதையில் நம் எஞ்சின்

சொந்தச் சங்கத்துப் பாதையில் ஓட்டிப் பழகியவருக்கு, வேறொரு சங்கத்தின் கூடுகைக்கு எஞ்சினைக் கொண்டுபோகும்போது இரண்டு விஷயங்கள் புதிதாக இருக்கும். ஒன்று, பாதையின் ஏற்ற இறக்கம். அதை இரண்டு மூன்று சுற்றில் பிடித்துவிடலாம். மற்றது காத்திருப்பு. முன்னால் நாலைந்து ரயில்கள் நிற்கின்றன, ஸ்டேஷனில் ஆள் ஏற்றிக்கொண்டிருக்கிறார்கள், சிக்னல் சிவப்பு, உங்கள் நெருப்போ வெள்ளையாகக் கனன்றுகொண்டிருக்கிறது. ஓடுகிற எஞ்சினைச் சமாளிக்கப் பலருக்கும் தெரியும். அடங்காத நெருப்போடு கால் மணி நேரம் நிற்கச் சொன்னால் பாதிப் பேர் திணறிப்போவார்கள். அதனால் இந்த அத்தியாயத்தில் நிற்பதற்கே இடம் அதிகம்.

இங்கே எடுத்துக்கொண்டிருப்பது பிரிட்டிஷ் சங்கங்களில் வழக்கமான 5 அங்குலப் பாதை. அங்கே ஆள் ஏறிப் போகிற சிறிய ரயில்களுக்கு 3½, 5, 7¼ அங்குலம் என்று மூன்று அகலங்கள் புழக்கத்தில் இருக்கின்றன. அமெரிக்காவின் மேற்குப் பகுதியில் 7½ அங்குலம். ஆரிகன் மாநிலத்தில் சிலோக்வின் ஊருக்குப் பக்கத்தில் இருக்கும் டிரெயின் மவுண்டன் அந்த அளவுதான். காட்டுக்குள் மைல் கணக்கில் பாதை போட்டு வைத்திருக்கிறார்கள். கால் அங்குல வித்தியாசம் என்று அலட்சியமாக இருந்துவிட வேண்டாம். பிரிட்டனில் 7¼ல் ஓடுகிற எஞ்சின் அங்கே போனால் தண்டவாளத்தில் உட்காராது. அழைப்பு வந்ததும் முதலில் கேட்க வேண்டியது பாதையின் அகலம், அடுத்து மிகக் குறுகிய வளைவின் ஆரம், அதற்கடுத்து பாதை தரையில் இருக்கிறதா, தூண்களின் மேல் இடுப்புயரத்தில் இருக்கிறதா என்பது. தூண்பாதையில் பயணிகள் இருபுறமும் காலைத் தொங்கவிட்டு உட்காருவார்கள். தரைப்பாதைக்கென்று செய்த உங்கள் பெட்டி அங்கே உதவாது.

சின்ன பாய்லருக்குப் பொறுமை கிடையாது

5 அங்குலப் பாதை எஞ்சின் என்பது பெரிய எஞ்சினின் நீளத்தில் ஏறக்குறைய பதினொன்றில் ஒரு பங்கு. ஆனால் பாய்லர் கொள்ளும் தண்ணீர் பதினொன்றில் ஒரு பங்கு என்று கணக்குப் போட்டால் ஏமாந்துபோவோம். நீளம், அகலம், உயரம் மூன்றும் சேர்ந்து சுருங்குவதால் கொள்ளளவு ஆயிரத்து முந்நூற்றில் ஒரு பங்குக்கும் கீழே போய்விடும். பெரிய பாய்லரில் 4,000 லிட்டர் என்றால் இதில் ஏறக்குறைய 3 லிட்டர். பெரிய எஞ்சினின் ஃபயர்மேன் கொஞ்சம் அசந்து நின்றாலும் தாங்குகிற அளவு தண்ணீர் அவரிடம் இருக்கிறது. உங்களுக்கு, தண்ணீர் மட்டம் காட்டும் கண்ணாடியின் பாதியிலிருந்து அடிவரை இருப்பது இரண்டு மூன்று டம்ளர் தண்ணீர்தான். ஏற்றத்தில் பயணிகளோடு இழுக்கும்போது அது சில நிமிடங்களில் தீர்ந்துவிடும். நெருப்பும் அப்படியே. இரண்டு கை கரியில் பொங்கும், கவனிக்காவிட்டால் அதே வேகத்தில் செத்துப்போகும்.

இவ்வளவு சிறிய பாய்லரில் கரியை எரித்து ஆளை இழுக்க முடியுமா என்பதே ஒரு காலத்தில் பெரிய சண்டை. 1924ல் லண்டனில் நடந்த மாடல் எஞ்சினியர் கண்காட்சியில், எல்.பி.எஸ்.சி. என்ற புனைபெயரில் எழுதிவந்த கர்லி லாரன்ஸ் தன் ‘அயேஷா’வைக் கொண்டுவந்து பந்தயத்தில் நிறுத்தினார். 2½ அங்குலப் பாதை எஞ்சின் அது. கரியில் ஓடி, வளர்ந்த ஆட்களை இழுத்துக் காட்டியது. ஸ்பிரிட் விளக்கில் கொதிக்கும் பாய்லர்களைக் கடையில் வாங்கிக்கொண்டிருந்த காலம் அதன்பின் மெல்ல மாறியது. இன்று கூடுகைகளில் நாம் பார்க்கும் எஞ்சின்கள் பெரும்பாலும் அவர் வழி வந்தவைதான்.

புறப்படுவதற்கு முன்

சான்றிதழை முதலில் எடுத்து வையுங்கள். எஞ்சினை மறந்தாலும் திரும்பிப்போய் எடுத்துவரலாம், சான்றிதழ் காலாவதியாகியிருந்தால் ஒன்றும் செய்வதற்கில்லை. பிரிட்டிஷ் சங்கங்கள் பின்பற்றும் பாய்லர் சோதனை விதிகளில் இரண்டு சோதனைகள் இருக்கின்றன. தண்ணீரை நிரப்பி அழுத்தம் கொடுக்கிற சோதனையில் புதிய பாய்லர் வேலை அழுத்தத்தைப் போல இரண்டு மடங்கைத் தாங்க வேண்டும். பிறகு வரும் சோதனைகளில் ஒன்றரை மடங்கு. ஆவியேற்றிச் செய்யும் சோதனையின் சான்று 14 மாதம் செல்லும். அந்தச் சோதனையில் நெருப்பை நன்றாக எழுப்பி, ப்ளோயரை முழுக்கத் திறந்துவைத்து, சேஃப்டி வால்வுகள் மட்டும் அழுத்தத்தைக் கட்டுப்படுத்துகின்றனவா என்று பார்ப்பார்கள். வேலை அழுத்தத்துக்கு மேல் பத்து சதவீதம் வரை அனுமதி. சதுர அங்குலத்துக்கு 80 பவுண்டு என்றால் முள் 88ஐத் தாண்டக் கூடாது. இன்ஷூரன்ஸ் இந்தக் காகிதத்தை நம்பித்தான் நிற்கிறது. ஆகவே நுழைவில் இருப்பவர் எவ்வளவு பழகியவராக இருந்தாலும் காகிதத்தைப் பார்க்காமல் உள்ளே விடமாட்டார், விடவும் கூடாது.

கரியை வீட்டிலிருந்தே கொண்டுபோங்கள். வேல்ஸ் நிலக்கரிக்குப் பழகிய கை பல. அதைத் தந்துவந்த ஃபோஸ்-ஒய்-ஃப்ரான் சுரங்கம் 2023ல் மூடியபின் ஆளுக்கொரு கரி, ஆளுக்கொரு கலவை என்றாகிவிட்டது. ஆந்த்ரசைட் புகையாது, ஆனால் பற்றிக்கொள்ள நேரமெடுக்கும், நல்ல இழுப்பும் வேண்டும். புதிய கரியைப் பழகிப் பார்க்கிற இடம் கூடுகை இல்லை. சுண்ணாம்பு மண் உள்ள ஊர்களில் குழாய்த் தண்ணீர் பாய்லருக்கு ஆகாது என்பதால் சிலர் மழைத்தண்ணீரைக் கேனில் கொண்டுவருவார்கள். அவர்களைப் பார்த்துச் சிரிக்காதீர்கள்.

எஞ்சின் கனத்தையும் நினைவில் வைக்க வேண்டும். 5 அங்குல எஞ்சின் பலவும் ஐம்பது கிலோவுக்கு மேல். பெரியவை நூறைத் தாண்டும். பாய்லரைக் காலி செய்து, டெண்டரைக் கழற்றி, தனித்தனியாக ஏற்றுங்கள். சங்கத்தில் ஏற்றி இறக்கும் மேசை இருந்தால் அதற்கு வரிசையில் நிற்பது கௌரவக் குறைச்சல் இல்லை. இந்தப் பொழுதுபோக்கில் நெருப்பு சுட்டவர்களைவிட இடுப்பு பிடித்தவர்கள் அதிகமாகக் கண்ணில் படுகிறார்கள்.

ஆவி ஏற்றுவது

நெருப்பு மூட்டும் மேடையில் இடம் கிடைத்ததும் அவசரப்படாமல் ஒரு சுற்று பாருங்கள். ரெகுலேட்டர் மூடி, ரிவர்சிங் லீவர் நடுவில், சிலிண்டரின் வடிகுழாய்கள் திறந்து இருக்க வேண்டும். புகைப்பெட்டிக் கதவு காற்றுப் புகாமல் மூடியிருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். அங்கே ஊசி நுழைகிற இடைவெளி இருந்தாலும் நாள் முழுக்க ஆவி ஏறாமல் தவிப்பீர்கள், காரணமும் புரியாது. சிலிண்டருக்குப் போகும் ஸ்டீம் ஆயில் கறுத்துக் கெட்டியாக இருக்கும். அச்சுக்கும் கம்பிகளுக்கும் விடுவது சாதாரண எண்ணெய். இரண்டு டின்னையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்காமல் இருப்பது நல்லது.

பாய்லரில் தண்ணீர் கண்ணாடியின் பாதிக்கு மேல் இருக்கட்டும். கைப்பம்பை இரண்டு தடவை அடித்து மட்டம் அசைகிறதா என்று பாருங்கள். அசையவில்லை என்றால் கண்ணாடிக்குப் போகும் துவாரம் அடைத்திருக்கிறது, நெருப்பு வைக்காதீர்கள். புகைபோக்கியின் மேல் மின்விசிறியை வைத்து ஓடவிட்டு, மண்ணெண்ணெயில் ஊறிய அடுப்புக்கரியை உள்ளே போட்டுக் கொளுத்துங்கள். பெட்ரோல் கூடவே கூடாது. அடுப்புக்கரி நன்றாகச் சிவந்தபின் நிலக்கரியைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேருங்கள். முள் 20, 30 பவுண்டுக்கு வந்ததும் எஞ்சினின் சொந்த ப்ளோயரைத் திறந்துவிட்டு, அது இழுக்கிறதென்று உறுதியானபின் விசிறியை எடுங்கள். வரிசை மாறினால் நெருப்பு கதவு வழியாகக் கேபினுக்குள் நாக்கை நீட்டும். முன்னால் குனிந்திருப்பது உங்கள் முகம்.

அழுத்தம் ஏறியதும் கண்ணாடியின் அடிக்குழாயைத் திறந்து ஊதவிடுங்கள். தண்ணீர் முழுக்க வெளியேறி, மூடியதும் துள்ளி மேலே வர வேண்டும். சோம்பலாக ஊர்ந்து வந்தால் அடைப்பு இருக்கிறது. சின்னக் கண்ணாடிக் குழாய்களில் வேறொரு தொல்லையும் உண்டு. குழாய் மெல்லியதாக இருப்பதால் தண்ணீர் அதன் சுவரைப் பிடித்துக்கொண்டு தொங்கும். நடுவில் ஒரு காற்றுக் குமிழி மாட்டி, இல்லாத தண்ணீரை இருப்பதாகக் காட்டும். ஆகவே நிலையாக நிற்கிற மட்டத்தைவிட, எஞ்சின் அசையும்போது மேலும் கீழும் ஆடுகிற மட்டத்தை நம்புங்கள்.

தண்ணீர் ஏற்ற உங்களிடம் இருக்கிற எல்லா வழிகளையும் மேடையிலேயே சோதித்துவிடுங்கள். இஞ்செக்டரில் முதலில் தண்ணீரைத் திறந்து, பிறகு ஆவியைத் திறக்க வேண்டும். கீழே வழிகிற குழாயைக் கவனியுங்கள். முதலில் தண்ணீர் கொட்டும், பிறகு சீறும், பிடித்துக்கொண்டால் சட்டென்று நின்று மெல்லிய ரீங்காரம் கேட்கும். வழிவது நிற்காவிட்டால் எல்லாவற்றையும் மூடிவிட்டு மீண்டும் முயலுங்கள். வெயிலில் நின்று டெண்டர் தண்ணீர் சூடாகிவிட்டாலும் இஞ்செக்டர் பிடிக்காது. டெண்டரைக் கையால் தொட்டுப் பாருங்கள், வெதுவெதுப்பைத் தாண்டியிருந்தால் குளிர்ந்த தண்ணீரை மாற்றி ஊற்றுங்கள். பாதி ‘பழுதான’ இஞ்செக்டர்கள் இப்படிக் குணமாகிவிடும்.

முதல் சுற்று

பயணி இல்லாமல் போங்கள். வடிகுழாய்கள் திறந்தே இருக்கட்டும். குளிர்ந்த சிலிண்டருக்குள் ஆவி தண்ணீராக மாறி நிற்கும்; தண்ணீர் அமுங்காது, பிஸ்டன் அதில் போய் மோதினால் சிலிண்டர் மூடியோ கம்பியோ போய்விடும். பக்கத்தில் நிற்பவர் மேல் எண்ணெய்த் தண்ணீர் தெறிக்கும் என்பதால் முன்கூட்டியே ஒரு குரல் கொடுத்துவிடுங்கள். லீவரை முழுக்க முன்னால் வைத்து ரெகுலேட்டரை மெல்லத் திறந்து கிளம்பி, வேகம் பிடித்ததும் லீவரை நடுப்பக்கமாக ஒவ்வொரு பல்லாக இழுங்கள். அப்போது ஆவி சிலிண்டருக்குள்ளேயே விரிந்து வேலை செய்யும், கரியும் தண்ணீரும் மிச்சமாகும்.

இந்தச் சுற்றில் கண்ணால் அளக்க வேண்டியது ஏற்றம் எங்கே தொடங்குகிறது என்பது. கரியை ஏற்றத்துக்குச் சற்று முன்னால் போட்டு, ஏற்றத்தில் அது எரியும்படி பார்த்துக்கொள்ளுங்கள். ஏற்றத்தில் நின்றுகொண்டு கதவைத் திறந்து கரியை அள்ளிப்போட்டால் குளிர்ந்த காற்று குழாய்களுக்குள் பாய்ந்து அழுத்தம் சரியும். ஒரு நேரத்தில் ஒரு சிறிய கரண்டி, அடிக்கடி. தண்ணீரை இறக்கத்தில் ஏற்றுங்கள். ஏற்றத்தில் கண்ணாடியை நம்பாதீர்கள். புகைபோக்கி முன்பக்கமாக மேலேறும்போது தண்ணீர் பின்னால் ஓடிவந்து கண்ணாடியில் அதிகமாகக் காட்டும். உச்சியைத் தாண்டியதும் அது முன்னால் ஓடிவிட, நெருப்புப் பெட்டியின் மேல்தகடு வெறுமையாக நிற்கும். மேட்டில் முக்கால் கண்ணாடி என்று நிம்மதியாக இருந்தவர் மறுபக்கம் இறங்கும்போது தண்ணீரைத் தேடுவது இதனால்தான்.

இவ்வளவு பாடுபட்டும் கரியிலுள்ள வெப்பத்தில் கொக்கியை இழுக்கும் வேலையாக மாறுவது சில சதவீதம்தான். 1969ல் பர்மிங்ஹாம் சங்கத்தில் தொடங்கி ஒவ்வோர் ஆண்டும் நடக்கும் பன்னாட்டுச் சிறு எஞ்சின் திறன் போட்டியில், எரித்த கரியையும் செய்த வேலையையும் அளந்து பரிசு தருகிறார்கள். அங்கே ஜெயிப்பவர்களின் நெருப்பைப் பாருங்கள்: மெல்லியதாக, பளிச்சென்று, புகையில்லாமல் இருக்கும்.

வரிசையில் நிற்பது

இப்போது விஷயத்துக்கு வருவோம். ஸ்டேஷனுக்கு வரும்போது கண்ணாடி நிரம்பி, நெருப்பு உச்சத்தில், முள் சிவப்புக் கோட்டில் இருந்தால் மாட்டிக்கொண்டீர்கள். நின்ற ஒரு நிமிடத்தில் சேஃப்டி வால்வு சீறும். அடக்கத் தண்ணீர் விடலாமென்றால் பாய்லரில் இடமில்லை. மீறி விட்டால் கிளம்பும்போது தண்ணீர் ஆவியோடு சேர்ந்து சிலிண்டருக்குள் போகும். புகைபோக்கி வழியாகக் கரித்தண்ணீர் மழை பெய்து பின்னால் இருப்பவர்களின் சட்டை பாழாகும்.

அதனால் ஸ்டேஷனுக்கு வரும்போது தண்ணீரைப் பாதிக் கண்ணாடியிலும், அழுத்தத்தைக் கோட்டுக்குப் பத்துப் பதினைந்து பவுண்டு கீழேயும் கொண்டுவாருங்கள். கடைசி இறக்கத்தில் புதுக் கரி வேண்டாம். நின்றதும் ப்ளோயரை மயிரிழை மட்டும் திறந்துவையுங்கள். முழுக்க மூடினால் புகை கேபினுக்குள் வரும், நெருப்பும் மங்கும். முள் ஏறத் தொடங்கினால் இஞ்செக்டரைச் சற்று நேரம் ஓடவிடுங்கள். உள்ளே போகிற குளிர்ந்த தண்ணீர் அழுத்தத்தைத் தட்டி உட்காரவைக்கும், அடுத்த சுற்றுக்கான தண்ணீரும் சேரும். பாய்லரில் விட்டுவைத்த காலி இடத்தின் பயன் இங்கேதான். கதவைத் திறந்துவைத்து நெருப்பைக் குளிரவைக்கும் பழக்கம் சிலரிடம் இருக்கிறது. கையை மீறிப் போகும்போது கொஞ்ச நேரம் செய்யலாம், வழக்கமாக்கினால் குழாய் முனைகள் கசியத் தொடங்கும்.

பத்து நிமிடத்துக்கு மேல் நிற்க வேண்டியிருந்தால் நெருப்பின் பின்பக்கம் ஒரு கரண்டி பச்சைக் கரியைக் குவித்து வையுங்கள். அது மெதுவாகப் பிடித்து, கொடி காட்டும் நேரத்துக்குத் தயாராக இருக்கும். அழுத்தம் 40க்குக் கீழே போய்விட்டால் கூச்சப்படாமல் சிக்னல்காரரிடம் சொல்லிப் பக்கத்துப் பாதையில் ஒதுங்குங்கள். வரிசையில் நின்றுகொண்டே ஆவிக்காகத் தவிப்பவரால் பின்னால் இருக்கிற அத்தனை பேர் நெருப்பும் கெடும். ஒதுங்கியவரை யாரும் குறைசொன்னதாகத் தெரியவில்லை.

பின்னால் உட்கார்ந்திருப்பவர்கள்

எண்பது கிலோ எஞ்சின் பத்துப் பேரை இழுக்கும்போது பின்னால் இருக்கிற கனம் எஞ்சினைப் போல எட்டு ஒன்பது மடங்கு. இழுப்பது முடிகிறது, நிறுத்துவதுதான் முடியாது. இறக்கத்தில் எஞ்சினின் பிரேக்கை மட்டும் நம்பினால் சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்கிப் போகும், மழைநாளில் இன்னும் மோசம். பிரேக் பெட்டிகளில் இருக்க வேண்டும், கடைசிப் பெட்டியில் கார்டு இருக்க வேண்டும். கிளம்புமுன் கார்டைத் திரும்பிப் பாருங்கள். அவர் பச்சைக் கொடி காட்டுமுன் ரெகுலேட்டரில் கை வைக்க வேண்டாம், பின்னால் இருக்கிற குழந்தைகள் எவ்வளவு கத்தினாலும் சரி.

பயணிகளிடம் சொல்ல வேண்டியது கொஞ்சம்தான்: காலைப் பலகையில் வையுங்கள், பக்கத்தில் சாயாதீர்கள், கையை நீட்டாதீர்கள், நிற்கும்வரை இறங்காதீர்கள். குழந்தை பெரியவருக்கு முன்னால் உட்காரட்டும். படம் எடுக்கத் திரும்பி ஒருபக்கம் சாய்கிற அப்பாக்கள்தான் அதிகம் கவனிக்க வேண்டியவர்கள். இருக்கை உயரத்தோடு ஒப்பிட்டால் பாதையின் அகலம் மிகக் குறைவு. ஒருவர் சாய்ந்தால் பெட்டி சாயும்.

வேகத்தைப் பற்றி ஒரு பழைய சம்பவம். வால்ட் டிஸ்னி 1950ல் லாஸ் ஏஞ்சலஸில் தன் வீட்டுத் தோட்டத்தில் 7¼ அங்குலப் பாதை போட்டு, ‘லில்லி பெல்’ என்ற எஞ்சினை ஓட்டினார். கரோல்வுட் பசிபிக் என்று பெயர். 1953ல் விருந்தாளி ஒருவர் வளைவில் வேகமாக ஓட்ட, எஞ்சின் கவிழ்ந்தது. சீறிய ஆவி பட்டு ஒரு சிறுமிக்குக் காயம். டிஸ்னி அதோடு அந்தப் பாதையை மூடிவிட்டார். ஆகவே கூடுகையில் ஒரு நண்பர் ‘ஒரு சுற்று கொடுங்களேன்’ என்று கேட்டால் கொடுங்கள். ஆனால் பின்னால் நீங்களே உட்காருங்கள், அவரது முதல் சுற்றில் பயணிகளை ஏற்றாதீர்கள்.

தண்ணீர் கண்ணுக்குத் தெரியாவிட்டால்

கண்ணாடியில் தண்ணீர் இல்லை, ஊதிப் பார்த்தும் வரவில்லை. இந்த நேரத்தில் கை தானாகப் போவது இஞ்செக்டரிடம். போகக் கூடாது. காய்ந்து சிவந்த தகட்டின் மேல் குளிர்ந்த தண்ணீர் பட்டால் என்ன ஆகும் என்று சோதித்துப் பார்க்கிற இடம் இதுவல்ல. ரயிலை நிறுத்தி, பயணிகளை இறக்கிவிட்டு, சாம்பல் தட்டின் ஆணியை இழுத்து நெருப்பைக் கீழே கொட்டுங்கள். ஆணி மாட்டிக்கொண்டால் ஈர மண்ணையோ ஈரச் சாம்பலையோ நெருப்பின் மேல் போட்டு அணையுங்கள், வாளித் தண்ணீரை உள்ளே ஊற்ற வேண்டாம். அந்த ஆணியைக் காலையில் மேடையிலேயே ஒரு தடவை இழுத்துப் பார்த்திருக்க வேண்டும். பிறகு அந்த பாய்லரை ஆய்வாளர் பார்க்கும்வரை மூட்டக் கூடாது. அந்த நாள் போனது போனதுதான்.

நாள் முடிவில்

கடைசிச் சுற்றுக்குக் கரி போடாமலே வந்துசேரப் பாருங்கள். மேடைக்கு வந்ததும் நெருப்பைக் கொட்டி, தண்ணீரை முக்கால் கண்ணாடி வரை ஏற்றிவிடுங்கள். அழுத்தம் 20, 30க்கு இறங்கியபின் அடி வால்வைத் திறந்து வண்டலோடு வெளியேற்றலாம். அந்தப் பக்கம் யார் காலும் இல்லையென்று பார்த்துத் திறங்கள். முழு அழுத்தத்தில் திறப்பது கண்ணுக்கு வேடிக்கை, பாய்லருக்குக் கேடு. குழாய்களில் படிந்த கரியைச் சூடு ஆறுமுன் கம்பித் தூரிகையால் தள்ளிவிட்டால் இரண்டு நிமிட வேலை. வீட்டுக்குப் போய் நாளைக்குப் பார்க்கலாம் என்று விட்டால், ஈரம் ஏறி இறுகி அரைநாளைத் தின்னும். புகைப்பெட்டியின் அடியில் சேர்ந்திருக்கும் சாம்பலையும் அள்ளிவிடுங்கள். ஈரத்தோடு சேர்ந்தால் அது தகட்டை அரிக்கும்.

சாம்பலை வீட்டுக்குக் கொண்டுபோகாதீர்கள். சங்கத்தின் இரும்பு வாளியில் கொட்டுங்கள். அணைந்ததுபோல் தெரிகிற சாம்பலுக்குள் மறுநாள் காலைவரை கனல் இருக்கும், காரின் பின்பெட்டி அதற்கேற்ற இடமில்லை. எஞ்சின் கைதாங்கும் சூட்டுக்கு வந்தபின் மிச்சத் தண்ணீரையும் வடித்து, எண்ணெய்த் துணியால் துடைத்து ஏற்றுங்கள். கிளம்புமுன் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டு, ஓடும்போது கசிந்த இணைப்பு, பிடிக்காத இஞ்செக்டர், தளர்ந்த நட்டு எது கண்ணில் பட்டதோ அதை உங்கள் நோட்டில் அங்கேயே எழுதிவிடுங்கள்.